என் காளானும் உன் பென்குயினும் உன் மாமியாரும்

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். காலையில்தான் உன் மாமியார் போன் செய்து சொன்னார். ராத்திரி நீ ரசம் வைத்தது, மீனாவுக்குக் கால் வீக்கம் வடிந்தது, காலில் காயத்தோடு வந்த பென்குயினுக்கு நீ கட்டுப் பிரித்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். பெற்ற பிள்ளை ரசம் வைத்த சேதியைச் சம்பந்தி வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடத்துக்கு நான் வந்து சேர்ந்திருக்கிறேன். அதனால்தான் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் அவர் வந்துவிடுகிறார். தாளில் அவரால் வர முடியாது. எழுதி முடித்ததும் உன் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். படிக்காமல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். படிப்பார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீடியோவில் இருக்கும்போது நீ ஒரு பேச்சை எடுத்தாய். "அம்மா, நியூசிலாந்துல வாடகைக்கு இம்புட்டுதான் வீடு கிடைக்கும். பிரசவத்துக்கு ஒரு ஆளு வந்து தங்கலாம், ரெண்டு பேருக்கு இடமில்ல. நீயும் அத்தையும் பேசி முடிவு பண்ணுங்க. யாரு வந்தாலும் எங்களுக்குச் சந்தோசம்" என்றாய். சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாய். திருவாதவூரில் நானும் கே.கே. நகரில் உன் மாமியாரும் போனுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். உன் அப்பா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்கு எந்த நேரத்தில் இறங்க வேண்டும் என்று தெரியும்.

உன் கேள்விக்கு என் மனதில் பதில் அந்த நிமிஷமே தயாராக இருந்தது. நான்தான் வருவேன். எழுமலைப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். கண்மாய் உடைந்து ரோடு போன மழையிலும் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பிள்ளையை வெளியே எடுத்தவள். இன்றைக்கும் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாராவது ஒரு பயல் வந்து, "நர்ஸம்மா, நான் ஒங்க கையில பொறந்தவன்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுக்கிறான். உன் மாமியாரோ கணக்கு டீச்சர். மீனாவுக்குக் காது குத்தும்போது ஆசாரி ஊசியை எடுத்ததுமே இவர் மயங்கி விழுந்து, குழந்தையை விட்டுவிட்டு எல்லோரும் இவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்களாம். மீனாவே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அப்படிப்பட்டவர் என் பேரப்பிள்ளையின் பிரசவத்துக்குப் போவார், நான் இங்கே உட்கார்ந்து போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் நம் பக்கத்து வழக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிரசவம் நடக்கப் போவது தாய்வீட்டில் இல்லையே. உன் வீட்டில் நடக்கிறது. உன் வீடு என்றால் அவளுக்கு மாமியார் வீடு. அங்கே இருக்க வேண்டிய மாமியார் நான். ஒரு வக்கீல் கூட இந்தப் பாயிண்டை இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி அதை மறைக்கப் போவதில்லை. மீனா உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி முதலில் அவருக்குப் போனது, சரி, மகள் தாயிடம் சொல்வாள். ஆனால் ஸ்கேன் படமும் அவருக்குத்தான் போனது. அவர் அதை எனக்கு அனுப்பி, "மதினி, இதுல தலை எது, கால் எதுன்னு தெரியலையே" என்று கேட்டார். நான் படத்தைப் பார்த்ததும் தலை, முதுகெலும்பு, மடக்கி வைத்திருந்த கை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அவர் சந்தோஷமாக, "அப்பாடா, இப்ப மாப்ளகிட்டச் சொல்லிருவேன்" என்றார். என் கண்ணால் பார்த்ததை அவர் வாயால் நீ கேட்டாய். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. உன் அப்பா, "பசிக்கலையா?" என்று கேட்டார். பசிக்கவில்லை என்றேன். "வயிறு ஏற்கெனவே எரியுது போல" என்று சொல்லிவிட்டு என் தட்டு இட்லியையும் அவரே சாப்பிட்டார். அவரிடம் ஆறுதல் கேட்டால் இப்படித்தான் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பென்குயின். மாட்டு டாக்டருக்குப் படிக்க வைத்தேன், ஊரிலுள்ள மாடுகளை விட்டுவிட்டு நீ கடல் தாண்டிப் போய் ஒரு பறவைக்குக் காலில் கட்டுப் போடுகிறாய். போகட்டும், அது உன் இஷ்டம். ஆனால் உன் மாமியார் அந்தப் பறவையைப் படித்து வைத்திருக்கிறார். மஞ்சள் கண் பென்குயின் முழங்கால் உயரம்தான் நிற்கும், கண்ணைச் சுற்றி மஞ்சள் பட்டை தலையின் பின்பக்கம் வரை ஓடும், மற்றப் பென்குயின்களைப் போலக் கூட்டமாகப் பனியில் நிற்காது, கடலில் மீன் பிடித்துவிட்டுக் கரையேறிக் காட்டுக்குள் நடந்து போய்ப் புதரடியில் கூடு வைக்கும், ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். இதெல்லாம் அவர் உன்னிடம் பரீட்சைக்கு ஒப்பிக்கிற பிள்ளையைப் போலச் சொல்லச் சொல்ல, உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். அந்த முகத்தை இதற்கு முன்னால் வாங்கிக்கொண்டிருந்தவள் நான்தான். ஐப்பசியில் இடி இடித்த மறுநாள் விடியும் முன்னே உன்னை எழுப்பி, சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்து, காளான் எடுக்கக் கூட்டிப் போவேனே, அப்போது எனக்குக் காட்டிய முகம் அது.

அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் நடுவில் புகுந்தேன். உன் மாமியார், "மாப்ள, ஒங்க பென்குயினுக்கு முன்னாடி ஒலகத்துல எதுவும் நிக்காது" என்றார். நான், "ஏன், எங்க புத்துக்காளான் ஒத்தக் காலுலயே நிக்குமே" என்றேன். நீ சிரித்தாய். உன் அப்பா வாசலில் இருந்தே, "சரி, பஞ்சாயத்த வச்சிருவோம், காளானா பென்குயினான்னு" என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் நான் விளையாடவில்லை. அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொன்னேன். உன் பென்குயின் கூண்டில் அடைத்தால் தேறாது என்றார். புற்றுக்காளானும் அப்படித்தான், டவுனில் வைக்கோல் பையில் வளர்க்கிறார்களே அது சிப்பிக்காளான், புற்றில் வருவதை எந்தக் கொம்பனாலும் கொட்டகையில் வளர்க்க முடியவில்லை என்றேன். பென்குயினுக்கு அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஊட்டும் என்றார். காளானுக்குப் புற்றுக்குள் இருக்கிற அத்தனை கரையானும் இலைதழையை மென்று கொண்டுவந்து போட்டு ஊட்டும், ஊரே கூடி வளர்க்கிற பிள்ளை அது என்றேன். பென்குயின் வருஷா வருஷம் கூடு வைத்த பக்கத்துக்கே திரும்பி வரும் என்றார். காளானும் அதே புற்றுக்குத்தான் வரும், அது வெளிநாட்டில் வேலை தேடாது என்றேன். நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய்.

அப்புறம் நீயே சமாதானமாக, "அம்மா, மழை பெஞ்சா அத்தையைக் காளான் எடுக்கக் கூட்டிட்டுப் போ, அவங்க பாத்ததே இல்ல" என்றாய். உன் மாமியார் அங்கேயே, "நான் வாரேன் மதினி, எப்பனாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். நீ என்ன கேட்கிறாய் என்பது உனக்குத் தெரியாதா? காளான் எடுக்கிறவர்கள் தங்கள் புற்றை யாருக்கும் காட்ட மாட்டார்கள். நான் உன் அப்பாவுக்கே காட்டியதில்லை. கல்யாணமான புதிதில் பின்னாலேயே வந்து பார்த்தார், வேண்டுமென்றே முள்ளுக்காட்டுக்குள் சுற்றவிட்டுக் கூட்டி வந்தேன். அந்தப் புற்றைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். இரும்பு படக்கூடாது, சத்தம் போடக்கூடாது, பிஞ்சுக் காயைப் போலக் காளானையும் விரலால் சுட்டக்கூடாது என்று நான் சொன்னதை எல்லாம் கேட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய். ஒரு தடவை நான் பிடுங்கிய காளானின் தண்டோடு கரையான்கள் வந்துவிட்டன. "அதுக எல்லாம் வீட்டுக்குப் போகணும்மா" என்று அழுதாய். ஒவ்வொன்றாக இலையில் எடுத்துத் திரும்பப் புற்றில் விட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தாய். நீ டாக்டராவாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பறவைக்கு டாக்டராவாய் என்று தெரியாமல் போய்விட்டது.

மழையும் வந்தது. சாயங்காலம் இடி இறங்கியது, ராத்திரி முழுக்கப் பெய்தது, காலையில் வெளுக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். உன் மாமியார் ஹெல்மெட், ரெயின்கோட்டு, கையில் கட்டைப்பை எல்லாவற்றோடும் வந்து நிற்கிறார். கே.கே. நகரில் இருந்து ஈரத்தில் தனியாக ஓட்டி வந்திருக்கிறார். "ராத்திரி இடி இடிச்சதும் எனக்குத் தூக்கமே இல்ல மதினி" என்றார். இந்த வயதிலும் வண்டி ஓட்டுகிற அந்தத் தைரியத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவரை என் புற்றுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று நான் ராத்திரியே முடிவு செய்திருந்தேன். கிழக்கே பழுதான பம்புசெட்டு ஒன்று இருக்கிறதே, அதன் பின்னால் ஒரு செத்த புற்று உண்டு. எனக்கு விவரம் தெரிந்து அதில் காளான் பூத்ததில்லை. அங்கே கூட்டிப் போய்ச் சும்மா காட்டி, "இந்த வருஷம் இல்ல போல மதினி" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அவரை அனுப்பிய கையோடு என் புற்றுக்கு ஓடிவிடலாம் என்பது என் திட்டம். வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து போகும்போது எனக்கே என்னை நினைத்துக் கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. ஆனால் திரும்பச் சொல்லவில்லை.

பம்புசெட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். நான் முன்னால் போய்ப் பார்த்திருந்தால் வேறு பக்கம் திருப்பியிருப்பேன், அவர்தான் முன்னால் போனார். "மதினி, அந்தா பாருங்க, அம்புட்டும் காளான்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். விரலை நீட்டிக் கத்தினார். செத்த புற்று என்று நான் நினைத்தது முழுக்க வெள்ளை. விரியாத மொட்டு, பாதி விரிந்தது, குடையாக விரிந்தது என்று புற்றின் மேலும் சுற்றிலும் காலை வைக்க இடமில்லாமல் பூத்திருந்தது. என் ஆயுளில் ஒரே இடத்தில் அவ்வளவு காளானை நான் பார்த்ததில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குன்னு இப்படி ஒரு இடத்தைக் காட்டுனீங்களே, ஒங்க மனசு யாருக்கு மதினி வரும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன்.

எப்படிப் பிடுங்க வேண்டும் என்று காட்டினேன். அடித்தண்டைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும், கொஞ்சம் புற்றுக்கே விட்டுவிட வேண்டும். கட்டைப்பை நிறைந்து ரெயின்கோட்டையும் விரித்துக் கட்டினோம். வீட்டுக்கு வந்ததும் நான் என்ன நினைத்திருப்பேன்? எல்லாவற்றையும் கே.கே. நகருக்குக் கட்டிக்கொண்டு போவார் என்றுதான். அவர் தேடித் தேடிப் பங்கு வைத்தார். எதிர்வீட்டுக்கு ஒரு கை, பால்காரருக்கு ஒரு கை, வழியில் வண்டிக்குக் காற்று அடித்துக் கொடுத்தவருக்கு ஒரு கை, நமக்குப் பாதி. "இதென்ன மதினி, அது கூட்டமா வந்துச்சு, கூட்டமாத்தான் திங்கணும்" என்றார். நான் இத்தனை வருஷமும் கதவைச் சாத்திக்கொண்டு குழம்பு வைத்தவள். வாசம் வெளியே போகாமல் இருக்க ஜன்னலைக்கூடச் சாத்துவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நடுவில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என் புற்றுக்கு ஓடினேன். வெயில் ஏறிவிட்டது. அங்கேயும் பூத்திருந்தது, எல்லாம் விரிந்து தொங்கி, புழு வைத்துக் கறுத்துக் கிடந்தது. யாருக்கும் காட்டாமல் காப்பாற்றிய புற்றில் இந்த வருஷம் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து அடுப்படியில் இருவரும் உட்கார்ந்து காளானை மண் போகச் சுத்தம் செய்தோம். அவர் பென்குயின் பேச்சை எடுத்தார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். "மாப்ள ஒரு விசயம் சொன்னாரு மதினி. அந்தப் பறவை கூடு வைக்கிற எடத்துல இருந்து பாத்தா இன்னொரு ஜோடியோட கூடு கண்ணுல படக்கூடாதாம். பட்டுச்சுன்னா அதுக்குச் சரிப்படாதாம், முட்டையே ஒழுங்காப் பொரிக்காதாம். எதுக்குத்தான் அதுக்கு அம்புட்டுப் பொறாமையோ" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு அடுத்த காளானை எடுத்தார். என் கையில் இருந்த காளானை நான் தட்டில் வைத்துவிட்டேன். அடுப்படி வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்த உன் அப்பா என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பஞ்சாயத்தில் நான் காளானுக்காக அவ்வளவு வாதாடினேனே தம்பி, நான் காளான் கட்சியே இல்லை. ஊரோடு சேர்ந்து பூக்கிற காளான் என் எதிரில் உட்கார்ந்து மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தது. கண்ணில் இன்னொரு கூடு படக்கூடாது என்று புதருக்குள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உன் மஞ்சள் கண் பறவை நான்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மதினி, நீங்களே போயிட்டு வாங்க. நான் நல்லா யோசிச்சுட்டேன். எனக்கு ரத்தத்தைப் பாத்தா தலை சுத்தும். அங்க போயி நான் விழுந்து கெடந்தா மீனாவைப் பாப்பாங்களா, என்னையப் பாப்பாங்களா? நீங்க பக்கத்துல இருந்தா எம்பிள்ளைக்குப் பயமில்ல." அவர் தனி மனுஷி. வீட்டுக்காரர் போன பிறகு அந்த ஒரு மகளைத் தவிர வேறு யாரும் இல்லாதவர். முகத்தை நிமிர்த்தாமல் காளானையே பார்த்துக்கொண்டு சொன்னார். நான் எதற்காக இத்தனை நாள் வயிறெரிந்தேனோ, அதைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டிவிட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் உன் அப்பத்தா முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நீ பிறந்த அன்றைக்கு என் அம்மா மேலூர்ப் பக்கம் நடவுக்குப் போயிருந்தார், சேதி போய்ச் சேரவில்லை. என் மாமியார்தான், உன் அப்பத்தாதான், என் பக்கத்தில் இருந்தார். குறை சொல்லவே முடியாது. கையைப் பிடித்துக்கொண்டார், முதுகை நீவினார், வியர்வையை முந்தானையால் துடைத்தார். வலி உச்சத்துக்குப் போனபோது நான் "அம்மா" என்று கத்தினேன். அடுத்த வலிக்கும் "அம்மா, எங்க இருக்க" என்றுதான் கத்தினேன். அப்போது என் கையைப் பிடித்திருந்தவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனால் கையை விடவில்லை. அதன் பிறகு நான் எத்தனையோ வீடுகளில் பிரசவம் பார்த்தேன். மாமியாரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற மருமகள்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற தாயோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களைப் பார்த்திருக்கிறேன். தாயைப் பார்த்தே இராதவளையும் பார்த்திருக்கிறேன். வலி வந்ததும் எல்லோரும் "அம்மா" என்றுதான் கத்தினார்கள். "அத்தை" என்று கத்தினவள் ஒருத்திகூட இல்லை.

உன் மாமியாரிடம் இதைச் சொன்னேன். "நீங்கதான் போகணும் மதினி. அவ கத்தும்போது திரும்பிப் பாத்தா நீங்க இருக்கணும். வைத்தியம் பாக்க அங்க டாக்டரு இருக்காங்க, நர்ஸு இருக்காங்க, நான் எதுக்கு" என்றேன். அவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன், ஆனால் இருவரும் ஒரே காரணத்துக்கு அழுததாக நினைக்காதே. அவர் சந்தோஷத்தில் அழுதார். நான் வர முடியாமல் போனதற்கு அழுதேன். மனசு பெரிதாகிவிட்டது என்றெல்லாம் உன்னிடம் பெருமை பேச மாட்டேன். முடிவு சரி என்று தெரிகிறது, பொறாமை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே மனுஷிக்குள் இருக்க முடியும் என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். நீயும் தெரிந்து வைத்துக்கொள், இனி நீயும் அப்பன் ஆகப்போகிறாய். உன் பிள்ளை ஒரு நாள் உன்னை விட்டு வேறு யாரிடமோ ஓடிப்போய் முகம் மலரும். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தனியாக வயிறெரிந்துகொள். பிள்ளை மேல் காட்டாதே. நான் அன்றைக்கு வீடியோவில் வேலை தேடாத காளான் என்று சொல்லி உன்னைக் குத்தினேனே, அப்படிச் செய்யாதே.

அதனால் மார்கழியில் உன் மாமியார் வருவார். காளானைக் காயவைத்துப் பொடி பண்ணி அவரிடம் கொடுத்து விடலாம் என்று பார்த்தேன். அந்த நாட்டில் அதையெல்லாம் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள் என்று மீனா சொன்னாள். என் காளானுக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை என்று உன் அப்பாவிடம் புலம்பினேன். "அப்ப எனக்கு மட்டும் என்ன, நானும் இங்கதான இருக்கேன்" என்றார். அவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை பார். அவரும் உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், வாரத்துக்கு ஒரு தடவையாவது அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. பென்குயினைப் பற்றிப் பேசினாலும் பரவாயில்லை.

தலை சுற்றினால் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று உன் மாமியாருக்குத் தினமும் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து செய்து காட்டவும் செய்கிறார், நல்ல மாணவி. அப்படியும் விழுந்தால் அவரை அப்படியே விட்டுவிட்டு நீ மீனாவைப் பிடித்துக்கொள், நர்ஸுகள் அவரைப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை பிறந்ததும் முதல் போன் எனக்கு வர வேண்டும். அழுகைச் சத்தத்தைக் கேட்டே பிள்ளை எப்படி இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன், அதற்காகவாவது என்னைக் கூப்பிடு. உன் அப்பத்தா எனக்குச் செய்த மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, காதையாவது கொடுக்கிறேன்.

அடுத்த ஐப்பசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர். அதற்கு நடக்க வராது, இடுப்பில் வைத்துக்கொள்வேன். இடி இறங்கின மறுநாள் விடியும் முன்னே நானும் பிள்ளையும் மட்டும் என் புற்றுக்குப் போவோம். அது விரல் நீட்டாமல் அதன் கையை மடக்கிப் பிடித்துக்கொள்வேன், அதற்கு அந்த விவரம் இருக்காது. எடுக்கிற காளானை இந்தத் தடவை எதிர்வீட்டுக்கும் கொடுப்பேன், உன் மாமியாருக்கும் கொடுப்பேன், ஜன்னலைத் திறந்து வைத்தே குழம்பு வைப்பேன். அவ்வளவு தூரம் நான் மாறிவிட்டேன். ஆனால் அந்தப் புற்று எங்கே இருக்கிறது என்று உன் மாமியாருக்கு நான் இன்னும் காட்டவில்லை. நீயும் வாய் தவறிச் சொல்லிவிடாதே.

உன் அம்மா